ஓடுபாதையில் யாருக்கு வழி

நம் வயதுக்காரர்களிடம் பேசுவதில் ஒரு வசதி உண்டு. எண்ணூருக்கு வடக்கே, அத்திப்பட்டுக்குக் கிழக்கே ஒரு காலத்தில் சிறிய விமானங்கள் இறங்கின என்று சொன்னால், இளையவர்கள் உடனே கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் தேடுவார்கள். நீங்கள் தேடமாட்டீர்கள். இருந்தது என்று நான் சொன்னால் இருந்தது என்றே ஏற்றுக்கொள்வீர்கள். நம்மில் பலரும் இப்போது இல்லாத இடங்களில்தான் வளர்ந்தோம்.

அக்கா காலமாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. இரங்கற்கூட்டத்தில் அவளோடு பணியாற்றிய ஆசிரியைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவளுடைய பொறுமையைப் பாராட்டினார்கள். திருவொற்றியூரில் கணக்கு சொல்லிக்கொடுத்த அந்த அம்மையார் பொறுமைசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பொய் சொல்லக் காரணமில்லை. எனக்கு முதலில் நினைவுக்கு வரும் அக்கா வேறொருத்தி. அவள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியவள். அந்த ஓட்டத்தை நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்பவன் அனேகமாக நான் ஒருவன்தான். எனவே எழுதிவைக்கிறேன்.

போர்க்காலத்தில் அவசரமாகப் போடப்பட்டு, போர் முடிந்ததும் கைவிடப்பட்ட ஓடுபாதை அது. நகரத்துச் செல்வந்தர் சிலர் சங்கம் ஒன்றை அமைத்து, அரசிடம் குத்தகைக்கு எடுத்து, வார நாள்களில் மாணவர்களுக்குக் கற்பிக்கவும் ஞாயிறுகளில் தாங்களே பறக்கவும் அதைப் பயன்படுத்தினர். மூன்று பக்கமும் உப்பளம். காலை வெயில் ஏறியதும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும். ஓடுபாதையின் தார் பகலில் இளகி, செருப்பைப் பிடித்துக்கொள்ளும். விமானங்களை நிறுத்தும் கொட்டகைக்குள் நுழைந்தால் பெட்ரோல் வாடையும், இறக்கைத் துணிக்குப் பூசும் மெருகின் வாடையும் கலந்து நெற்றியில் இடிக்கும். கம்பத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் நீண்ட துணிப்பை ஒன்று இருந்தது. வெயிலில் வெளுத்து, அதன் சிவப்புப் பட்டைகள் ரோஜா நிறமாகியிருந்தன. அந்தத் துணிப்பை என்னவாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அவ்விடத்தில் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி, மலைமலையாகக் குவிந்திருக்கிறது.

அப்பா அத்தளத்தின் பொறுப்பாளர்; தளத்தின் ஓரத்திலேயே எங்கள் வீடு. விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருக்குச் சட்டமும் மரியாதையும் வெவ்வேறல்ல. தரையில் இருப்பவர் இறங்குபவருக்கு வழிவிட வேண்டும். இரு விமானங்கள் இறங்க வந்தால் தாழ இருப்பதற்கு மேலே இருப்பது வழிவிட வேண்டும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு முந்தித் தாழ்வது பண்பில்லாதவர் செயல். ஓடுபாதையைக் கடப்பவர் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். கடக்கத் தொடங்கிவிட்டால் நிற்கவோ, திரும்பவோ, எதையேனும் எடுக்கக் குனியவோ கூடாது. "பாதி வழியில் மனசு மாறறவனை மேலேருந்து வர்றவன் எப்படிக் கணிப்பான்?" என்பார். இவற்றை வீட்டிலும் கடைப்பிடித்தோம். சாப்பாட்டு நேரத்தில் நான் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தால் போதும், அவர் கண் என்மேல் நிற்கும்.

தளத்தில் வானொலி கிடையாது. எல்லாம் கண்ணாலும் துணியாலும் நடந்தன. வருகிற விமானம் முதற்சுற்றில் தளத்தின் மேல் தாழப் பறந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போகும். அது வருகை சொல்லும் வணக்கம். இரண்டாம் சுற்றில் இறங்கும். தரையில் கொடிக்காரர் சிவப்புக் கொடியோ பச்சைக் கொடியோ காட்டுவார்.

அந்தக் கொடிகள் விமானங்களுக்காக மட்டும் அல்ல. ஓடுபாதைக்குக் கிழக்கே கால்வாய், கால்வாய்க்கு அப்பால் மணல்திட்டு, அதில் மீனவர் குப்பம். குப்பத்துப் பெண்கள் விடிந்ததும் கூடைகளோடு படகில் கால்வாயைக் கடந்து, உப்பள வரப்பில் வரிசையாக நடந்து, எங்கள் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து அத்திப்பட்டில் பாசஞ்சர் ரயிலைப் பிடிப்பார்கள். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பிற்பகலில் வெறுங்கூடையோடு திரும்புவார்கள். சங்கம் வருவதற்கு முன்பிருந்தே அது அவர்களுடைய வழி. ஓடுபாதையின் இருபுறமும் தரையோடு தரையாகப் பதித்துச் சுண்ணாம்படித்த கற்கள் இருந்தன. அங்கே நின்று பச்சைக் கொடி கண்ட பிறகே கடக்க வேண்டும் என்பது அப்பா வகுத்த ஒழுங்கு.

அதில்தான் சிக்கல். பெண்கள் நிற்பார்கள், ஆனால் கூடையை இறக்கமாட்டார்கள்.

"எறக்கி வெச்சிட்டு நில்லுங்களேம்மா" என்பார் அப்பா.

அவர்களுக்குத் தலைவி போல இருந்தவரை நாங்கள் பெரியம்மா என்று அழைத்தோம். கொடுவா மீன் நிறைந்த கூடைக்கு அடியில் கழுத்து அசையாமல் அவர் பதில் சொல்வார்:

"போணி ஆவாம எறக்கக் கூடாது நைனா. கூடை மண்ணுல பட்டா அன்னிக்கு யாவாரம் படுத்துக்கும்."

"ரயில்ல மட்டும் வைக்கிறீங்களே?"

"ரயிலு இன்னா மண்ணா? பலகை. பலகைக்கு தோசம் இல்ல."

"விமானம் எறங்கற வரைக்கும் தலையிலயே வெச்சிருப்பீங்களா?"

"உன் ஏரோப்ளேனு தரைல பட்டா உனுக்கு சந்தோசம். எங்க கூடை தரைல பட்டா எங்களுக்குத் துக்கம். இன்னா பண்ணச் சொல்ற?"

வரிசை முழுவதும் சிரிக்கும். தலைகள் அசையாமல் தோள்களும் வயிறும் மட்டும் குலுங்கும் அந்தச் சிரிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்பா சிரிக்கமாட்டார். மூடநம்பிக்கை என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டு அப்பால் போவார்.

ஒருமுறை பெரியம்மா தீர்வும் சொன்னார். "ஒரு சொமதாங்கிக் கல்லு நட்டுக் குடு நைனா. தல ஒசரத்துக்கு. கூடைய அதும்மேல தள்ளிட்டு நாங்க பாட்டுக்கு நிக்கிறோம். நீ பொழுதன்னிக்கும் ப்ளேன் வுடு."

அப்பா மறுத்தார். ஓடுபாதையின் ஓரத்தில் முழங்காலுக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது. வழிதவறி ஒதுங்கும் விமானத்தின் இறக்கை அதில் மோதினால் கதை முடிந்தது. அவர் சொன்னது சரி. இன்றுவரை உலகெங்கும் அதுதான் விதி. சரியான மறுப்பு ஒன்றைச் சொன்ன பிறகு, கேட்டவருக்கு வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் கடமை தீர்ந்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்தத் தவற்றை, படித்த பலரிடமும் பிற்காலத்தில் பார்த்தேன்.

அந்தக் கோடையில் கொடிக்காரர் குடலிறக்க நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தார். அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். கொடியைத் தான் பிடிப்பதாக அவளே கேட்டாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தாவணி போட்ட பொண்ணு வெட்டவெளியில கொடிய ஆட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றாள். அப்பா ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். காற்றின் வேகத்தை அவள் முகத்தாலேயே சொன்னாள். வருவது எந்த விமானம் என்பதை ஓசையைக் கொண்டே அறிந்தாள். கொடிக்காரர் நிற்கும் இடத்தில் ஒரு கல் பதித்திருந்தது. பணியில் இருக்கும்வரை அந்தக் கல்லை விட்டு அசையக்கூடாது என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி.

பெண்களோடு அவள் பேசும் தமிழ் வேறு. வீட்டில் கேட்டால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

"இன்னா பெரிம்மா, இன்னிக்கு லேட்டு? படகுக்காரன் தூங்கிட்டானா?"

"அவன் எங்க தூங்குனான், என் மருமவதான் ஆடி அசைஞ்சி வரா. வவுத்துல அஞ்சு மாசம், தலையில ஒரு கூடை. ரெண்டையும் ஒரே ஆளு தூக்கறா பாரு."

மருமகள் அக்காவைவிட இரண்டொரு வயதே மூத்தவளாக இருப்பாள். "வவுத்துல இருக்கறது எறங்கறப்போ எறங்கட்டும் அத்த. தலையில இருக்கறது வண்ணாரப்பேட்டைல எறங்குனா போதும்" என்பாள். மறுபடி அந்தத் தோள் குலுக்கல்.

ஒரு மதிய உணவின்போது அக்கா அப்பாவிடம் வாதாடினாள். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

"எறங்கற விமானத்துக்கு ஏன்ப்பா வழி விடறோம்?"

"அது நடுவானத்துல நிக்க முடியாது. தரையில இருக்கறவன் நிக்க முடியும். நிக்க முடிஞ்சவன்தான் முடியாதவனுக்கு வழி விடணும்."

"அவங்களாலயும் நிக்க முடியாதுப்பா. கூடையை எறக்க முடியாது, தூக்கிட்டு நிக்கவும் முடியாது. ரயில் போயிட்டா மீன் அழுகிடும்."

"விமானம் நின்னா விழும். கூடை விழுந்தா யார் சாவா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கேள்விக்கு அவர் தந்தது விடையல்ல என்பது எனக்கு அன்று புரியவில்லை.

இனி அக்காவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கத்தின் செயலாளர் தோல் ஏற்றுமதி செய்பவர். சொந்த விமானம் வைத்திருந்தார். நல்ல மனிதர், சற்றே உரத்த குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கியதும் அவளைக் கூப்பிட்டுக் காற்றைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். விடைகளைக் கேட்டுவிட்டு அப்பாவிடம், "சார், இந்தப் பொண்ண கல்யாணம் பண்ணிக் குடுத்து வீணடிச்சிடாதீங்க. மீனம்பாக்கத்துல ரேடியோ ரூமுக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்க. நான் சொன்னா கேப்பாங்க. ரிசல்ட் வரட்டும்" என்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது என்ன பொருள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அக்கா கிணற்றடியில் வாளியைப் பார்த்து ஆங்கிலத்தில் காற்றின் திசையும் வேகமும் அறிவித்துப் பழகினாள். கொடியை மறுத்த அம்மாவே திருவொற்றியூர்க் கோயிலில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவைத்தாள்.

அதே செயலாளர்தான் முள்கம்பிச் சுருள்களையும் வரவழைத்திருந்தார். அவை கொட்டகையின் பின்புறம் அடுக்கியிருந்தன. ஓடுபாதையைச் சுற்றி வேலி போட்டுவிட்டால் தொல்லையில்லை என்பது அவர் கருத்து. அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "சரி சார், உங்களுக்காக விடறேன். ஆனா அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி கொடி மீறிக் கடந்தான்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே வேலி" என்று செயலாளர் முடிவாகச் சொல்லியிருந்தார். வேலி வந்தால் பெண்கள் உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய்த் திரும்ப வேண்டும். ரயிலைப் பிடிக்க முடியாது. அதற்கடுத்த வண்டியில் போனால் தெருக்களில் உலை வைத்து முடித்திருப்பார்கள்.

வைகாசியில் ஒரு காலை. வேலி வர இருந்த எல்லையில், நான் ஒரு பனந்துண்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். செயலாளரின் விமானம் முதற்சுற்று வந்து இறக்கையை ஆட்டிப் போயிற்று. அக்கா விமானத்துக்குப் பச்சைக் கொடியும் பெண்கள் பக்கம் சிவப்புக் கொடியும் காட்டினாள். பெண்கள் கற்களருகே நின்றார்கள். இரண்டாம் சுற்றில் விமானம் வெகு உயரத்தில் வந்தது. இறங்க இடம் போதாது என்று கண்டோ என்னவோ, இறங்காமல் அப்படியே மேலேறிக் கடற்பக்கம் போய்விட்டது.

நடந்த தவறு இங்கேதான். அந்தப் பெண்கள் சுற்றுகளைக் கொண்டே விமானங்களை அறிந்திருந்தார்கள். ஒரு சுற்று பார்ப்பதற்கு. மறு சுற்று இறங்குவதற்கு. இரண்டாம் சுற்றில் இறங்காத விமானம் நகரத்துக்கே திரும்பிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை பொய்த்ததில்லை. அவர்கள் பக்கக் கொடி இன்னும் சிவப்பாக இருந்தது உண்மை. ஆனால் ரயிலின் ஊதல் மீஞ்சூர்ப் பக்கம் கேட்டுவிட்டது. மருமகளின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்ததைத் தூரத்திலிருந்தே நான் பார்த்தேன். அவள் நடக்கத் தொடங்கினாள்.

"ஏய், கொடி எறங்கலடி!" என்று பெரியம்மா கத்தினார்.

அவள் திரும்பவில்லை. கடக்கத் தொடங்கினால் நிற்காதே, திரும்பாதே என்று அப்பா சொன்னதைத்தான் அவள் செய்தாள்.

இறங்கும் சிறிய விமானம் ஓசையின்றி வரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். விசையைக் குறைத்துவிடுவார்கள். காற்றைக் கிழிக்கும் மெல்லிய சீறல் மட்டுமே கேட்கும். அதையும் கடற்காற்று தின்றுவிடும். பார்த்தபோது அது பனைமரங்களுக்கு இப்பால் வந்துவிட்டது.

அக்கா கல்லை விட்டு ஓடினாள். மருமகளை நோக்கி அல்ல, விமானத்தை நோக்கி. தாவணி காலில் சுற்ற, இரு கைகளாலும் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்து ஆட்டியபடி ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஓடினாள். பிறகு நின்றாள். நின்றதுதான் எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. விமானம் திடீரென்று உறுமியது, மூக்கு நிமிர்ந்தது, அவள் தலைக்கு மேல், சக்கரங்கள் சுழல்வது தெரியும் உயரத்தில், கடந்து போயிற்று. கொடி அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டதுபோல் பறந்து உப்புப் பாத்தியில் விழுந்தது.

மருமகள் மறுகரையை அடைந்திருந்தாள். அவள் நடை மாறவில்லை, கூடை சரியவில்லை. மற்றப் பெண்கள் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் ரயிலைப் பிடித்தார்கள்.

செயலாளர் அடுத்த சுற்றில் இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. "ஓடுபாதையில யார் சார் அது? உங்க பொண்ணா? கொடிய எடுத்துக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா ஓடி வரா! என்னாச்சு அவளுக்கு?" என்றார். உப்பளத்தின் கூச்சத்தில் அவர் கண்டது சிவப்புத் துணியையும் அக்காவையும் மட்டுமே. விமானத்தின் உயர்ந்த மூக்கு மற்றதை மறைத்துவிட்டது. அப்பா, "விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். ஞாயிறன்று குழு கூடும் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போனார்.

அன்று பிற்பகல் கிணற்றடியில் நடந்த பேச்சை நான் துவைகல்லுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"அப்பா, அவர் என்னை மட்டுந்தான் பாத்திருக்கார். அவங்கள பாக்கல" என்றாள் அக்கா.

"நான் பார்த்தேனே" என்றார் அப்பா.

அந்த இரண்டு சொல்லில் அவர் வாழ்க்கை முழுவதும் இருந்தது. கண்டதை விட்டுவிட்டு அறிக்கை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"நீங்க சொன்னா வேலி வந்துடும்ப்பா."

அம்மா நடுவில் வந்தாள். "சொல்லலேன்னா இவ வேலை போயிடும். பைத்தியக்காரி மாதிரி ப்ளேனுக்கு முன்னாடி ஓடுனவளுக்கு யார் சிபாரிசு பண்ணுவா? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஒரு உசிரைக் காப்பாத்துனா என் பொண்ணு. அதைச் சொல்றதுல என்ன குத்தம்?"

"குத்தம் இல்ல" என்றார் அப்பா.

"அப்புறம்?"

அவர் அக்காவைப் பார்த்தார். "உனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றாள் அக்கா. உடனே சொன்னாள். பிறகு, "அதுக்காக அவங்க வழிய அடைக்கணுமா?" என்றாள்.

அம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டெறிந்தாள். கயிறு முழுவதும் உருண்டோடி முடிந்தது.

ஞாயிறன்று கொட்டகையில் நாற்காலிகள் போட்டார்கள். செயலாளரோடு சங்க உறுப்பினர் சிலர் வந்திருந்தனர். எச்சரிக்கை செய்வதற்காகப் பெரியம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கூடையோடு வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னார்கள். "எறக்க முடியாது சாமி, சீக்கிரம் பேசி அனுப்பிடுங்க" என்றார்.

செயலாளர் கேட்டார்: "அன்னிக்கு ஓடுபாதையில நுழைஞ்சது யாரு?"

அப்பா எழுந்து நின்றார். படையில் நிற்பதுபோல நின்றார். "ஓடுபாதையில் நுழைஞ்சது என் மகள். கொடிக் கல்லை விட்டு அசையக்கூடாதுங்கற விதி அவளுக்குத் தெரியும். அவளை அந்த இடத்துல நிறுத்துனது நான்."

"வேற யாரும் இருந்தாங்களா?"

வாசலில் பெரியம்மா வாயைத் திறந்தார். "நைனா, அது எங்க..."

"பெரிம்மா!" என்றாள் அக்கா. "ரயிலுக்கு நேரமாயிடிச்சி. நீ கெளம்பு."

பெரியம்மா அவளைப் பார்த்தார். கூடையின் கீழே அவர் கண்கள் மட்டும் அப்பாவிடம் போய், அக்காவிடம் திரும்பி வந்தன. பிறகு வெளியே நடந்தார்.

"வேற எதுவும் சொல்றதுக்கில்ல" என்றார் அப்பா.

செயலாளர் அக்காவிடம் கடுமையாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் பேசினார். "நெருக்கடியில நிதானம் தவறுறவங்கள ரேடியோ ரூமுக்கு நான் எப்படிம்மா அனுப்ப முடியும்?" என்றார். அக்கா, "சரிங்க சார்" என்றாள். அந்தக் கொட்டகையில் அன்று நிதானம் தவறாதவள் அவள் ஒருத்திதான்.

கூட்டம் கலையும் முன் அப்பா ஒரு விதியை முன்மொழிந்தார். காலை பாசஞ்சர் போகும்வரை விமானம் எதுவும் ஏறவோ இறங்கவோ வேண்டாம். வானத்தில் இருப்பது காத்திருக்கட்டும், தரையில் இருப்பது கொட்டகையில் நிற்கட்டும். கொடியில் நம்பிக்கை போய்விட்டதால் நேரத்தால் பிரிப்பதே பாதுகாப்பு என்று காரணம் கூறினார். செயலாளர் தோளைக் குலுக்கி, "அதுல என்ன சார் கஷ்டம்? அரை மணி நேரம் தள்ளிப் பறந்தா போச்சு" என்றார். அவ்வளவு எளிதாக இருந்தது. சுமைதாங்கிக் கல்லைக் கேட்ட நாளிலேயே இதைச் செய்திருக்கலாம். விமானமும் காத்திருக்கும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருந்தது, அவளை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பெண்கள் நிற்காமல் கடந்தார்கள். கொட்டகையின் முன் ஒரு விமானம் விசிறி அசையாமல் நின்றது. அதை ஓட்ட வந்தவர் நிழலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய் அக்காவை அழைத்தேன். அவள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை.

அப்பா அதன்பின் வீட்டில் யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசவில்லை; அக்காவின் முகத்தை அறவே பார்க்கவில்லை. அவள் விதி மீறியதற்காக அவர் கோபமாக இருக்கிறார் என்று நான் நெடுங்காலம் நம்பினேன். ஆடி மாதத்திலேயே அந்தப் பணியை விட்டுவிட்டார். துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் வேலை தேடிக்கொண்டு ராயபுரத்துக்கு எங்களை அழைத்து வந்தார். காரணம் சொல்லவில்லை. கண்டதைச் சொல்லாமல் விட்ட ஒருவர் மற்றவர்களுக்கு விதி சொல்லும் இடத்தில் இருக்கக்கூடாது என்று அவரே தம்மீது தீர்ப்பளித்துக்கொண்டார் என்று இப்போது எண்ணுகிறேன். அவர் அக்காவைப் பார்க்காதது கோபத்தால் அல்ல. விலையை அவள் கொடுத்தாள். அவளால் தாமும் ஒரு நல்ல காரியத்தில் பங்குபெற்றோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ராயபுரத்தில் அக்கா ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். மணம், குழந்தைகள், ஓய்வு. எல்லாம் முறையாக நடந்தன. விமானம் வீட்டுக்கு மேல் போனால் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓசையைக் கேட்டு, அது எந்தப் பக்கக் காற்றில் இறங்கப்போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வாள்.

இறுதி நாள்களில், மருத்துவமனையில், பிற்பகல் வேளைகளில் அவளுக்குத் தெளிவு இருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன்: "அந்த ரேடியோ ரூம் வேலை கெடைக்காமப் போனதும் ஒரு வகையில நல்லதுதான்க்கா. எத்தனை பிள்ளைங்க உன்கிட்ட படிச்சாங்க!"

அவள் கண்ணை மூடியபடியே சிரித்தாள். "அதெல்லாம் இல்லடா. கெடைச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ரொம்ப நல்லா இருந்திருக்கும்."

பிறகு அவளே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன கொழந்தை பொறந்துது, உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அந்த மழைக்காலத்துக்கு முன்பே நாங்கள் அங்கிருந்து வந்துவிட்டோம். அந்தக் குப்பத்தையும் பிறகு இடம் மாற்றினார்கள். "நல்லபடியா பொறந்துதாங்கறதே தெரியலையேக்கா" என்றேன்.

"பொறந்திருக்கும்டா" என்றாள். "அவ நடந்த நடையக் கிட்ட இருந்து பாத்தவ நான்."